வீடு மாறியதில் விடுபட்ட உருப்படி

பெருமதிப்பிற்குரிய அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி வணங்கி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கு அனைவரும் நலம். உங்கள் தம்பிக்கு மட்டும் ஜலதோஷம். அதன் காரணத்தை மற்றவர் வாயால் நீங்கள் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை, கேட்டதையே திருப்பிச் சொல்கிறாளே தவிரச் சொந்தப் புத்தி இல்லை, விடுதியில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல் என்று எங்கள் சின்னக்குட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நேற்று வீடு மாறினோம். சாமான் வண்டி முன்னால் போக, நானும் சின்னக்குட்டியும் ஆட்டோவில் வந்து இறங்கினோம். சாமி படத்தோடு நான் உள்ளே போகிறேன், இவள் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மழை பிடித்துவிட்டது, பீரோவைத் தூக்கியவர்கள் படியில் தள்ளாடுகிறார்கள். "ஏம்மா, பாப்பா வழி விட்டாத்தானே பீரோ போகும்! கை விட்டுப் போகுதும்மா!" என்று மேஸ்திரி கத்துகிறார். கெஞ்சினேன், மிரட்டினேன், ஆண்டவனைக் கூப்பிட்டேன். இழுத்தால் அலறுகிறாள். எதிர்வீட்டு அம்மாள் குடையோடு வந்து, "புதுசா குடி வர்றீங்களா? குழந்தைக்கு என்ன?" என்கிறாள். எனக்கு உயிரே போயிற்று. விடுதிதான் கதி என்று அந்த நிமிடம் நானும் நினைத்தேன், அண்ணி. உங்கள் தம்பி இருந்தால் சமாளிப்பார். அவரோ மின்சார அலுவலகம் போய்விட்டு நேராக வருவதாக ஏற்பாடு. எதையாவது விட்டு வந்து அதற்குத்தான் அடம்பிடிக்கிறாளோ என்று சாமான்களைச் சரிபார்த்தேன். எழுதி வைத்தபடி ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

அப்போதுதான் சின்னக்குட்டி காலையில் நடந்ததை அவரவர் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தாள். "டேய், தலைமாட்டுப் பக்கம் தூக்குடா!" அது மேஸ்திரி. "சீக்கிரம், சீக்கிரம்!" அது நான். மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது உங்கள் தம்பி குரல்: "அம்மாடி, அப்பா தலைக்கு ரெண்டு குவளை ஊத்திட்டு வந்துடறேன். புது வீட்டுக்குள்ள நாம சேர்ந்துதான் போகணும், என்ன?" பிறகு குளியலறைத் தாழ்ப்பாள், "கிளுக்." பிறகு நான், "அப்பா எப்பவோ கிளம்பியிருப்பாரு, ஏறு ஆட்டோவுல!" கடைசியாக வாசல் பூட்டு, "டொக்."

மேஸ்திரி பீரோவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ சாரு?"

சாமான் கணக்கில் உங்கள் தம்பியை நான் எழுதவில்லை, அண்ணி.

எதிர்வீட்டு அம்மாள் குழந்தைக்குக் குடை பிடிக்க, நான் ஓடினேன். பழைய வீட்டின் சொந்தக்காரரிடம் சாவியைத் திரும்ப வாங்கித் திறந்தால், பழைய பெயிண்ட் டப்பா மேல் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். கொடியில் கிடந்த சட்டை, பேண்ட், அதிலிருந்த செல்போன் எல்லாம் மூட்டையோடு வண்டியில் போய்விட்டன.

"கத்திக் கத்தித் தொண்டையே போச்சுடி. குழந்தை எங்க?"

"மழையில வாசல்லயே நிக்கிறா. அப்பா வராம உள்ளே போகமாட்டாளாம்."

அவர் துண்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார்.

விடுதி விஷயத்தில் பெரியவர்கள் நீங்கள் பார்த்து எது சொன்னாலும் எனக்குச் சம்மதம். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஆண்டவன் உங்களை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

பி.கு.: விடுதியில் இடம் வேண்டாமென்று நேற்று அந்தக் காலி வீட்டில் நின்றே விடுதிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். உங்கள் தம்பிக்குக் குரல் எழும்பவில்லை. துண்டோடு பக்கத்தில் நின்று, "இன்னும் சத்தமா சொல்லுடி" என்றார்.