பன்னிரண்டு சென்டிமீட்டர் அலை

கணக்குப்படி அலை பன்னிரண்டு சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். எழும்பியது ஒன்பது.

தொட்டியின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலை மூக்கு உரசப் பார்த்தாள் அலையம்மா. தண்ணீருக்குள் இருக்கும் பலகையை எவ்வளவு வீச்சில் ஆட்டினால் எவ்வளவு உயர அலை வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு அவளுடையது. மூன்று வருட உழைப்பு. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். பதினோரு மணிக்கு ஆய்வுக்கூட இயக்குநர் பார்க்க வருகிறார். கணக்கும் அலையும் ஒத்துப்போகாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"அண்ணே, என்னாச்சு?" தொட்டியின் கோடியிலிருந்த தடுப்பைப் பார்த்துக் கத்தினாள். பலகையை ஆட்டும் மோட்டாரும் அதன் ஆபரேட்டரும் அந்தப் பக்கம்.

"ஒண்ணுமில்ல மேடம்! நீங்க நம்பரை மாத்திப் பாருங்க!"

கணினியில் வீச்சைக் கூட்டினாள். அலை ஏழாக இறங்கியது.

"கூட்டினா குறையுதே!"

இன்னும் கூட்டினாள். ஐந்து. அதுவும் கடனே என்று வந்து போயிற்று.

"அண்ணே, நான் அழுதுருவேன்!"

"ஐயோ, வேணாம் மேடம்! ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன். அப்புறம் பாருங்க!"

அவர் திரும்பி வருவதற்குள் இவள் வெறுத்துப்போய் வீச்சைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். அவர் வந்து நின்றதும் அலை பதினெட்டுக்கு எகிறி, விளிம்பைத் தாண்டி, அவளையும் அவள் நோட்டையும் ஒருசேரக் குளிப்பாட்டியது.

சரியாக அப்போதுதான் கதவு திறந்தது. இயக்குநர்!

சொட்டச் சொட்ட ஓடிப்போய் பழைய நம்பரையே தட்டினாள். "அண்ணே! பன்னிரண்டு! பன்னிரண்டு வந்தே ஆகணும்!"

வந்தது. பன்னிரண்டு. அடுத்ததும் பன்னிரண்டு. பத்து அலை, ஒன்றுகூட மயிரிழை பிசகவில்லை.

இயக்குநர் கைதட்டியே விட்டார். "கணக்குன்னா இதும்மா கணக்கு! இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஆராய்ச்சி பண்ணுங்க. எங்கே, இப்போ இருபது சென்டிமீட்டர் அலையை ஒரு மணி நேரம் விடாம ஓட்டிக் காட்டுங்க பாப்போம்!"

அலையம்மா பூரித்துப்போய்த் தலையாட்டினாள்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து, வேர்வையில் நனைந்த சட்டையைப் பிழிந்தபடி, ஆபரேட்டர் தலையை நீட்டினார்.

"ஒரு மணி நேரமா? சார், மோட்டார் காலையிலயே புகைஞ்சு போச்சு... மேடம் மனசு நோகக் கூடாதேன்னு இவ்வளவு நேரமும் நான்தான் கையால தள்ளிக்கிட்டிருக்கேன்!"