ராமர் மட்டும் போகலாம்

ஒரு மொழியைத் தெரிந்துகொள்ளாமலேயே அதில் நூற்றுக்கு நூறு வாங்கும் கலையை மனிதகுலத்துக்கு வழங்கிய பெருமை, கே.கே. நகரில் இருக்கும் எங்கள் பள்ளியையே சேரும். தமிழ் எடுத்தால் மார்க் குறையுமே என்று அஞ்சிய பெற்றோரின் கண்ணீரைத் துடைக்கத்தான் அங்கே பிளஸ் ஒன்னில் சம்ஸ்கிருதம் தொடங்கப்பட்டது. கைடை நெட்டுருப் போடு, பரீட்சையில் கக்கு, மறந்துவிடு. தேவபாஷையை நாங்கள் வளர்த்தது இப்படித்தான். பெற்றோர் சங்கத் தலைவன் அழகுபாண்டி என்ற முறையில் இதை மார்தட்டிச் சொல்வேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் துளசிராம் என்ற புது வாத்தியார் வந்து சேர்ந்தார். இளைஞர். வீட்டில் கைக்குழந்தை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த நிலையில் இருப்பவர் அடக்கமாக இருக்க வேண்டாமா? மனுஷர் வகுப்பில் பாடம் நடத்தினார்.

ஒருவர், இருவர், பலர் என்று ஆளுக்குத் தக்கபடி வினைச்சொல் மாறும் என்று விளக்கியிருக்கிறார். பைக்கில் ஒருத்தர் போனால் 'கச்சதி', இரண்டு பேர் போனால் 'கச்சதஹ', மூன்று பேர் போனால் 'கச்சந்தி', கூடவே போலீஸும் பிடிக்கும் என்றாராம். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டிருந்தால் மன்னித்திருப்போம். அவர்களில் சிலருக்குப் புரிந்தும் போயிற்று.

திருப்புதல் தேர்வில் விஷயம் வெடித்தது. 'கச்சதி' என்பதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். கைடில் உள்ளபடி வகுப்பு முழுக்க 'ராமர் காட்டுக்குப் போகிறார்' என்று எழுதியது. என் மகள் அஸ்வினி மட்டும், 'என் அப்பா வில்லாபுரத்துக்குப் போகிறார்' என்று சம்ஸ்கிருதத்தில் சொந்தமாக எழுதிவிட்டாள். வெளியிலிருந்து வந்து தாள் திருத்தியவர் விடைக்குறிப்பைப் பார்த்தார். அதில் வில்லாபுரம் இல்லை. இரண்டு மார்க் போச்சு.

அவசரக் கூட்டம் கூட்டினேன். தாளாளர் உக்கிரபாண்டி தலைமை வகித்தார். இன்றைக்கு ஒரு பிள்ளை சொந்தமாக எழுதினால் நாளைக்கு வகுப்பே எழுதாதா என்று கனகலட்சுமி அம்மாள் கவலை தெரிவித்தார். அவருடைய மகன் ராமரை ஒழுங்காகக் காட்டுக்கு அனுப்பி முழு மார்க் வாங்கியவன். துளசிராமை எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"அண்ணே, நீங்க வில்லாபுரம் போறீங்களா, இல்லையா?" என்று அவர் என்னையே கேட்டார்.

"தினம் போறேன். அங்கதான என் டைல்ஸ் கடை இருக்கு."

"அப்ப புள்ள எழுதுனது சரிதானண்ணே."

தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரியா இருக்கதுதான் தம்பி பிரச்சனையே. தப்பா எழுதிருந்தா புள்ளைய நாலு வார்த்தை திட்டிட்டு விட்ருப்போம். சரியா எழுதிருக்குன்னா யாரோ சொல்லிக் குடுத்துருக்காகன்னுல்ல அர்த்தம்?"

குற்றம் நிரூபணமானது. 'பணிக்காலத்தில் கற்பித்தமைக்காக' துளசிராம் அந்த மாதமே அனுப்பப்பட்டார். அவர் இடத்துக்குச் சம்ஸ்கிருதம் அறவே தெரியாத ஒருவரைத் தேடிப்பிடித்தோம். அவரால் ஆபத்தில்லை.

பொதுத்தேர்வில் அஸ்வினி நூற்றுக்கு நூறு. பாராட்டு விழாவுக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். கேடயத்தைக் கொடுத்த கையோடு, அடுத்து எங்கே படிக்கப் போகிறாய் என்று பிரியமாகச் சம்ஸ்கிருதத்தில் கேட்டுவிட்டார். அஸ்வினியின் முகம் மலர்ந்தது. "அஹம்..." என்று ஆரம்பித்தேவிட்டாள். நான் முன்வரிசையிலிருந்து ஒரு பார்வை பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அது சிலபஸ்ல இல்லைங்க சார்" என்றாள்.

தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்லுமளவுக்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது பெற்றவனுக்குத்தான் தெரியும். முதலில் கைதட்டியவன் நான்தான்.