சுல்தானுக்குச் சொன்ன வைத்தியம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அப்படிப் போன மாப்பிள்ளைக்கு முதல் வருடம் முழுக்க 'போதும்' என்ற சொல் வாயில் வராது. மாமி அகப்பையோடு நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எவனுக்குத் தைரியம் இருக்கிறது? எனக்கு இருக்கவில்லை. (இருந்திருந்தால் ஓர் ஆடும் நானும் தப்பியிருப்போம்.)

நான் அக்கரைப்பற்று ஊர்க்காரன். மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தபோது கம்புக்குச் சட்டை மாட்டியது போல இருந்தேன். மாமிக்கு அது தன் வீட்டு மானப் பிரச்சினை. காலையில் பிட்டும் இறைச்சிக் கறியும், பின்னேரம் வட்டிலப்பம், நடுவில் யாரும் கேட்காமலே முட்டைக் கோப்பி.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சற்று முன்னால் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று வாட்டசாட்டமான கிடாய். விழுந்ததும் எழும்பி முலையைப் பிடித்துவிட்டது. மற்றக் கிடாய் என் சப்பாத்துப் பெட்டிக்குள் படுத்தும் இடம் மீதி இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, இது தங்காது என்றார்.

புது மாப்பிள்ளை ஏதாவது வீரம் காட்ட வேண்டாமா?

"மாமா, ரெண்டு வயசானதும் வார பெருநாளைக்கு இவன்தான் நம்மட குர்பான் ஆடு. நான் வளக்கிறன்" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. பள்ளிவாசலில் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் சொன்னார். இரண்டே நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் மானம் முழுக்க அந்தச் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தது.

சுல்தான் என்று பெயர் வைத்தேன். போத்தலில் பால் கொடுத்தேன். பிறகு குறுணல் சோறு, தவிடு, பாண் ரொட்டி, மாமி எனக்கு வைத்ததில் மிஞ்சிய வாழைப்பழம். அவனுடைய சகோதரன் வேலியோரம் இலை கடித்துக்கொண்டு ஓடித் திரிந்தான். சுல்தான் மாமரத்தடியில் படுத்தபடியே பருத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் அவனைத் தட்டித் தட்டிக் காட்டினேன். என் காற்சட்டை பொத்தான் பூட்ட மறுத்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. என் மனைவி றிஸ்னா கவனித்தாள், சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை.

இரண்டு வருடம் போய், அந்தப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது சுல்தான் எழும்பவில்லை. தூக்கி நிறுத்தினால் நொண்டினான். நொண்டுகிற ஆட்டைக் குர்பானாக அறுத்துப் பலி கொடுக்க ஆகாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்முனையிலிருந்து மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். அவர் வந்தபோது முற்றத்தில் மாமா, மாமி, றிஸ்னா, பெருநாளுக்கு வந்திருந்த என் உம்மா எல்லோரும் கூடி நின்றார்கள்.

வைத்தியர் குளம்பைத் தொட்டுப் பார்த்தார், விலாவை அமுக்கினார், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையோடு ஒப்புவித்தேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"பொறக்கக்குள்ள சின்னனா?" என்றார்.

ஓம் என்றேன்.

"வயித்துக்குள்ள பஞ்சம் கண்ட உடம்பு தம்பி இது. வெளிய வந்தும் பஞ்சம் வரும் எண்டுதான் நினைச்சிட்டிருக்கும். நீங்க அள்ளி அள்ளிக் குடுக்க, அதக் கொழுப்பாக்கி ஒளிச்சு வச்சிருக்கு. இப்ப குளம்பும் வீங்கிட்டு. இப்பிடிக் குட்டியக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வளக்கணும்."

அப்போதுதான் என் உம்மா வாயைத் திறந்தார்.

"என்ட மகனும் பொறக்கக்குள்ள இந்தளவுதான் டொக்டர். பஞ்சில சுத்தித்தான் தந்தாங்க."

வைத்தியர் சுல்தானின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். பையைப் பூட்டிக்கொண்டே, "நான் மனிசருக்கு வைத்தியம் பாக்கிறல்ல. எண்டாலும் தம்பி, ஒருக்கா ரத்தத்தில சீனி பாருங்க" என்றார்.

பார்த்தேன். இருந்தது. மாமி அழுதே விட்டார். என் மகனைப் போல எண்ணித்தானே ஊட்டினேன் என்று அவர் சொன்னபோது, சுல்தானுக்கு நான் ஊட்டியதும் அப்படித்தானே என்று எனக்கும் தோன்றியது.

பெருநாளன்று சுல்தானின் சகோதரன் குர்பானுக்குப் போனான். ஊர் முன்னால் என் வாக்குப் போனது. தலை நிமிர முடியவில்லை. ஆனாலும் மாமரத்தடியில் சுல்தான் புல்லை மென்றுகொண்டிருந்ததைப் பார்க்க உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. குளம்பு ஆறியதும் இருவரும் காலையில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினோம். இன்றும் நடக்கிறோம். (அவன் என்னைவிட மெலிந்துவிட்டான்.)

மாமா அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேர்த்து வைத்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. எந்தக் கல்யாண வீட்டிலும் சஹன் என்ற பொதுத் தட்டைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்ததும், யாராவது என் பக்கம் இன்னொரு துண்டு இறைச்சியைத் தள்ளுவார்கள். மாமா உடனே கையை நீட்டித் தடுப்பார்.

"அவருக்கு வைக்காதீங்க. டொக்டர் வேணாமெண்டிரிக்கார்."

எந்த டொக்டர் என்று கேட்காமல் இருக்க எங்கள் ஊராரால் முடியாது. மாமா சோற்றைப் பிசைந்தபடி, நிதானமாகச் சொல்வார்:

"நம்மட ஆட்டு டொக்டர்தான்."