பம்பரில் கீறல் இல்லை

பேய்க்குப் பயந்து ஓடியவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வந்த மனுசியைக் காருக்குள் விட்டுவிட்டு ஓடியவன், மன்னார்த் தீவில் நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது இருபத்தாறு, உயரம் ஐந்தடி (செருப்போடு). கார் ஓட்டத் தெரியும், பொனட் எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியாது. வருங்கால மாமனாருடைய ஒஸ்ரின் காரின் முன்பம்பரை அவர் வீட்டு மதிலிலேயே இரண்டு தடவை உரசியிருந்தேன். அந்தச் சண்டைக்காலத்திலும் அவர் அதைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி, நிக்கல் பூசி எடுத்திருந்தார். அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

"பேசாலைக்குப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்று கார்த் திறப்பைத் தந்தார். "அவ ஓமெண்டால்தான் கலியாணம். இன்னொரு கீறல் விழுந்தால் அவவைக் கேக்கவே தேவையில்லை. நிப்பாட்ட முதல் இறங்கிப் பாரும். முன்னுக்கு ஒரு முழம் விடும்."

அந்த அக்கா, றோசலின் மாமி, கோயில் பாடகர் குழுவை முப்பது வருடமாக மிரட்டி வைத்திருந்தவர். முன் இருக்கை நிறைய அமர்ந்து, வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பயந்த சுபாவமோ?"

"சீச்சீ, இல்லை மாமி."

எருக்கலம்பிட்டித் திருப்பத்தில் ஆமிக்காரன் மறித்தான். ஆமி வாகனங்களின் கொன்வோய் வருகிறதாம். "வாகனம் ரோட்டில வேணாம்! உள்ளுக்கு போ! தெரிய வேணாம்!"

ஊருக்குள் போனோம். அங்கிருந்த முஸ்லிம் சனத்தைத் தொண்ணூறில் இயக்கம் துரத்திவிட்டது. நாங்கள் நுழைந்த ஒழுங்கையின் வீடுகளுக்கு ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. கதவுகளையும் நிலைகளையும் யாரோ பிடுங்கிப் போயிருந்தார்கள். மணலில் கழுதைக் குளம்படிகளைத் தவிர ஒரு தடமும் இல்லை. உச்சி வெயில், பாங்கு கேட்க வேண்டிய நேரம். காற்று மட்டும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஒரு கோழிகூட இல்லை," என்றார் மாமி, மெல்லிய குரலில். அவர் குரலுக்கு அப்படியும் ஒரு பக்கம் இருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு பெரிய வீட்டின் பக்கத்தில் கார்க் கொட்டகை தெரிந்தது. வெயிலில் வந்த கண்ணுக்கு உள்ளே ஒரே இருட்டு. இறங்கிப் பார்க்கச் சொன்ன புத்திமதி நினைவில் இருந்தது. இறங்கத்தான் கால் வரவில்லை. அங்குலம் அங்குலமாக ஊர்ந்தேன்.

டொக்.

என் முகத்துக்கு நேரே, கண்ணாடியில், யாரோ விரலை மடக்கித் தட்டினார்கள். பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் நின்றது.

டொக். டொக்.

வெளியே ஆளில்லை. அந்தோனியாரைக் கூப்பிட வாயெடுத்தேன். இது முஸ்லிம் வீடாயிற்றே, அந்தோனியார் சொல்லி இது கேட்குமா என்று ஒரு யோசனை வந்தது. (பயத்திலும் மூளை வேலை செய்த விதத்தைப் பாருங்கள்.)

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றேன். "நாங்கள் ஒண்டும் எடுக்க வரேல்லை. கார் விடத்தான் வந்தனாங்கள்."

டொக்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, ஒழுங்கை முனைப் பனைமரத்தைக் கட்டிப்பிடித்து நின்றதுதான். காலில் ஒரு செருப்பு. மாமியின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. கலியாணம் முடிந்த கதை என்று தெரிந்ததும் அழுகை வந்தது. அழுதேன்.

திரும்பிப் போனபோது அவர் கைப்பையை மடியில் வைத்தபடி நிமிர்ந்து இருந்தார்.

"மேல பாரும், தம்பி."

கூரை வளையிலிருந்து நைலோன் கயிற்றில் ஒரு மரக்கட்டை தொங்கியது, மீன்வலையில் கட்டும் மிதப்புக் கட்டை. காற்றில் ஆடிக் கண்ணாடியில் தட்டியது.

"இந்த வீட்டுக் கபூர் நானா கட்டினது. நத்தார்ப் பெருநாளுக்கு இவற்ற கடையிலதான் துணி எடுக்கிறனாங்கள். இவருக்கும் உம்மைப்போலதான், பம்பரைச் சுவரில முட்டாமல் விடத் தெரியாது. கட்டை கண்ணாடியில பட்டால் நிப்பாட்டுவார்."

குனிந்து பார்த்தேன். சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். ஊரை விட்டே துரத்தப்பட்ட மனிதர் என் பம்பரைக் காப்பாற்றியிருக்கிறார், நான் அவரைப் பேய் என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. சத்தத்தை நிறுத்தலாமென்று கயிற்றில் கை வைத்தேன்.

"கழட்டாதையும்," என்றார் மாமி. "அவர் வந்து கார் விடவேணும்."

வீட்டில் மாமனார் முழங்காலில் நின்று பம்பரை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. எல்லோரும் மாமியைப் பார்த்தோம்.

"ஓம். குடுக்கலாம்," என்றார்.

தாலி ஏறிய கையோடு, கலியாணப் பந்தியில் வைத்து முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து நான் கார்த் திறப்பை எடுத்தாலே மனைவி கேட்பார்: "இண்டைக்கு ஆரை விட்டிட்டு ஓடப்போறியள்?" பிள்ளைகளுக்கு நான் ஓடியவன், மாமி அசையாமல் இருந்த வீராங்கனை.

மாமி கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது தனியே கேட்டேன். "நீங்கள் மட்டும் எப்பிடி மாமி பயப்படாமல் இருந்தனீங்கள்?"

வாசலில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டார்.

"என்ர பக்கத்தைத் தூணோட ஒட்டி நிப்பாட்டியிட்டீர். கதவு திறக்க ஏலேல்லை. இந்த உடம்போட உம்மட பக்கத்தால வரவும் ஏலாது. இல்லாட்டி உமக்கு முன்னால நான் அந்தப் பனையில நிண்டிருப்பன். பிறகு எந்த முகத்தோட உம்மை வேண்டாமெண்டுறது?" என் கையைப் பிடித்தார். "ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

இன்றுவரை சொல்லவில்லை. இதை எழுதுவதுகூட, நான் எழுதுவதை மனைவி படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான்.