குடை, மீன், கடிகாரம்

"மீன் தொட்டி இருக்கா?"

கேட்டவர் மூக்குக்கண்ணாடி போட்டவர். அவரைச் சுற்றி நாலு சுவரிலும் கடிகாரங்கள் தொங்கின. பெட்டிக் கடிகாரம், மேசைக் கடிகாரம், மணிக்கொரு தரம் குருவி எட்டிப்பார்த்துக் கூவும் கடிகாரம். இத்தனையும் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தும் மனிதர் காதில் விழவில்லை.

"இது கடிகாரக் கடைங்க," என்றார் முதலாளி.

"மீன் கடைன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது?"

கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்தார். "பொதுவா சொன்னாங்க," என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

முதலாளி என்பது பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் பென்சிலை வாடகைக்கு விட்ட நாளிலிருந்து ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். முதல் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. போட்டதை எடுப்பதில்தான் தகராறு.

முதலில் குடைக் கடை வைத்தார். அந்த வருஷம் பார்த்து மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் அலங்கார மீன் கடை திறந்தார். திறந்த மறுவாரமே, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், ஆளாளுக்கு வந்து குடை கேட்டார்கள். மீனை ஏறெடுத்துப் பார்க்க ஒருவருமில்லை. அதையும் மூடிக் கடிகாரக் கடை போட்டால், இப்போது மீன் தொட்டி கேட்கிறார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் என்றால் பரவாயில்லை. அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்தார், அப்புறம் கல்யாணமான புதுசு மாதிரி இருந்த ஒரு ஜோடி வந்தது. எல்லாருக்கும் மீன்தான் வேண்டும்.

"நான் மூடினாத்தான் ஜனங்களுக்கு அது மேல ஆசை வருது," என்று அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

"இருக்கிறப்போ அருமை தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் அவள், துணி மடித்தபடி. "ஏங்க, பேசாம அண்ணன் ஆபீஸுக்கே போயிடுங்களேன். நாற்காலி காலியாத்தானே கிடக்கு."

இந்த நாற்காலிதான் முதலாளிக்குத் தொண்டையில் மாட்டிய முள். மனைவியின் அண்ணன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்துகிறார். அங்கே கணக்குப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மாப்பிள்ளை முடிவு சொல்லும்வரை அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. அம்மா போட்ட கோட்டை மகன் தாண்டமாட்டார். முதலாளியும் போன மனஸ்தாபத்தின்போது மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வருஷம் முடிவதற்குள் ஒரு கடையாவது காலூன்றி நிற்காவிட்டால், மறுபேச்சில்லாமல் போய் அதில் உட்கார்ந்துவிடுவதாக.

"மச்சான் கிட்ட சம்பளம் வாங்கிட்டு, அப்புறம் உங்க அம்மா வீட்டுல தலைநிமிர்ந்து ஒரு வாய் சாப்பிட முடியுமா என்னால?"

"அங்க உங்களுக்கு மரியாதை இல்லாமலா?"

மரியாதைக்குக் குறைவில்லை என்பது அவருக்கும் தெரியும். மைத்துனர் குடல்வால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, முதலாளி கொஞ்ச நாள் அந்தக் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். இருந்த கொஞ்ச நாளில் ஆபீஸையே புரட்டிப்போட்டார். வெட்டிப்பேச்சு கூடாது என்று மேசைகளையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பினார். வருஷவாரியாக இருந்த கோப்புகளை நிறவாரியாக அடுக்கினார். தேநீர் இடைவேளையை எடுத்துவிட்டு அந்த நேரத்துக்குக் கைகால் பயிற்சி வைத்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை நிறுத்தி முன்னேற்றத்தைப் பற்றிப் பேசினார். கடைசி நாளன்று அவர் விடைபெற்றபோது கேஷியர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதை நினைத்தால் முதலாளிக்கு இன்றைக்கும் நெஞ்சு நெகிழும். ஆனாலும் சொந்தக் கடை சொந்தக் கடைதான்.

"ஊர் என்ன கேக்குதோ அதைக் குடுக்கிறவன்தான் வியாபாரி," என்று எழுந்தார். "கடிகாரத்தை மூட்டை கட்டிட்டு மறுபடி மீனைக் கொண்டு வரேன். உங்க அண்ணன் கிட்ட இப்போதைக்குச் சொல்லாதே. ஓட ஆரம்பிக்கட்டும்."

"கடிகாரக் கடை திறந்ததையே முந்தாநாள்தான் அவர்கிட்ட சொன்னேன். அதுவரைக்கும் மீன் கடைன்னே நெனச்சிட்டு இருந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் கூச்சமா இருக்கு."

கடிகாரங்கள் பரணுக்குப் போயின. தொட்டிகள் வந்தன. பலகை எழுதுகிறவர் நாலாவது முறையாக ஏணியோடு வந்து, "சாக்பீஸ்ல எழுதட்டுமா சார், அழிக்கச் சுலபமா இருக்கும்," என்று கேட்டார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பெயிண்டிலேயே எழுதச் சொன்னார்.

முதல் ஆள் உள்ளே வந்தார். அதே கண்ணாடிக்காரர். முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன். சின்னத் தொட்டியா, பெருசா?"

கண்ணாடிக்காரர் தொட்டிகளைப் பார்த்தார். வெளியே போய்ப் பலகையைப் பார்த்தார். திரும்ப வந்து, அழாக்குறையாக, "சுவர்க் கடிகாரம் இல்லையா?" என்று கேட்டார்.

அடுத்து வந்த அம்மாளும் கடிகாரம் கேட்டார். ஜோடியும் கடிகாரம் கேட்டது. அன்று முதலாளி கடையைச் சாத்திவிட்டு மீன்களுக்கு எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. மீன்கள் பார்க்கின்றனவே என்று அடக்கிக்கொண்டார்.

அந்த வாரம் மைத்துனர் வீட்டுக்கு வந்தார்.

"நாற்காலி உங்களுக்காகக் காத்துட்டிருக்கு மாப்ள. அம்மா தினமும் கேக்கிறாங்க," என்று கடமைக்குச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணும் அவசரமில்ல. நீங்க கடையை விட்டுடாதீங்க. எங்க ஆபீஸ்லயே தினம் உங்க பேச்சுத்தான். கடை எப்படி ஓடுது, இப்ப என்ன கடைன்னு எல்லாரும் என்னைத் துளைச்செடுக்கிறாங்க."

"அவ்வளவு பாசமா மச்சான்?"

மைத்துனருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் முதலாளிக்குப் புத்தியில் வெளிச்சம் விழுந்தது. ஊர் முந்திக்கொண்டு போகிறது, தான் பின்னால் ஓடுகிறோம். எதையும் மூடாமல் இருந்தால் எதைக் கேட்டாலும் கொடுக்கலாமே. பரணிலிருந்து கடிகாரம் இறங்கியது, புதிதாகக் குடைகள் வந்தன, மீன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பலகையில் 'எல்லாம் கிடைக்கும்' என்று எழுதியாயிற்று. பலகைக்காரர் அது நல்ல முடிவு என்று சொல்லிக் கையைக் கழுவினார்.

கடை என்னவோ ஒரே அறைதான். மணி அடித்தபோது எல்லாக் கடிகாரமும் சேர்ந்து அடித்தது. மீன்கள் மிரண்டு துள்ளின, ஒன்று கல்லாப்பெட்டிக்குள்ளேயே விழுந்தது. துள்ளாமலிருக்கத் தொட்டிகளின் மேல் குடைகளை விரித்து வைத்தார். குடை மறைத்ததில் வெளிச்சமில்லாமல் மீன்கள் சோர்ந்தன. மணிகளின் நாக்கைத் துணியால் கட்டினார். அந்தக் குருவி மட்டும் கட்டுக்கு அடங்காமல் எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தது. முதலாளி அசரவில்லை. மீனை ஒரு மூலைக்கும் கடிகாரத்தை எதிர்மூலைக்கும் மாற்றி, நடுவில் மதில் மாதிரி குடைகளை அடுக்கினார். இடுப்பு ஒடிந்தாலும் கடை நின்றாக வேண்டும்.

கடை நின்றது.

கண்ணாடிக்காரர் வந்து கடிகாரம் வாங்கினார். அம்மாள் தொட்டி வாங்கினார். ஜோடி குடை வாங்கியது. அதற்கப்புறம் ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். யாரும் பேரம் பேசவில்லை, தரம் பார்க்கவில்லை. ரசீது மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கினார்கள். மாதம் பிறந்தால் கூட்டம் இன்னும் கூடியது. வருஷக் கடைசியில் மனைவி கடைக்கு வந்து, வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"நின்னுடுச்சுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

கல்யாணமான நாளாக அவள் தன்னை இப்படிப் பார்த்ததில்லை என்று முதலாளிக்குத் தோன்றியது. சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் மனம் பெரிதாகிவிட்டது.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் குடை வாங்க வந்தார். முதலாளி குடையை அவர் கையில் கொடுத்தபடி, "இனிமே உங்களை என் சம்சாரம்தான் கவனிச்சுக்குவா," என்றார்.

"ஏன் சார், உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. அட்டைப்பெட்டி கம்பெனி தெரியுமில்ல, அது நம்ம மச்சானுதுதான். கணக்குப் பிரிவுல எனக்காக ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. தோத்துட்டுப் போய் உக்காந்தா அவமானம். ஜெயிச்சவன் போய் உக்காந்தா அது உதவி. பாவம், அங்க எல்லாரும் என்னையே கேட்டுட்டு இருக்காங்களாம். ஒண்ணாம் தேதி போறேன். மேசையெல்லாம் பழையபடி திருப்பி வெச்சிருப்பாங்க, முதல்ல அதைச் சரிபண்ணணும்."

கண்ணாடிக்காரரின் விரல் எங்கே பட்டதோ, கையிலிருந்த குடை படாரென்று விரிந்தது. அதைச் சுருக்கக்கூடத் தோன்றாமல் அவர் குடைக்குள் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் சார், எங்க வீட்டுல இனிமே குடை வைக்க இடமில்ல, இருந்தாலும் நான் தினம் ஒண்ணு வாங்கிக்கிறேன். என் சம்சாரம் அங்கதான் கேஷியர். நீங்க அந்த நாற்காலிக்கு வந்துடக் கூடாதுன்னுதான் சார், இத்தனை நாளா அந்த ஆபீஸே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு எங்களையெல்லாம் இங்க அனுப்பி வெச்சிட்டிருக்கு."