தூண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி

குமரி மாவட்டத்தில் எந்தப் பொருளையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாத ஒரே மனிதர் எங்கள் த்ரீடி அண்ணாச்சிதான். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், கம்ப்யூட்டரில் கான்கிரீட் பாலங்களை வடிவமைத்தவர். திரையில் பாலத்தைச் சுழற்றிச் சுழற்றியே பழகிய மனுஷன், பந்தியில் வடை வைத்தால்கூட அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். தம்பிக்குப் பார்த்த பெண்ணின் போட்டோவைக் காட்டினேன்.

"நல்லாருக்கு மக்கா. சைடு வியூ இல்லியா?" என்றார்.

அந்தப் பெண் இப்போது என் தம்பி மனைவி. அண்ணாச்சியைக் கண்டால் நேருக்கு நேராகத்தான் நிற்பாள்.

வம்பு வந்தது பூதப்பாண்டிப் பக்கம் அவர் வடிவமைத்த ஆற்றுப்பாலத்தில். பழைய பாலத்தின் நடுத்தூணில் குப்பை அடைத்து, வெள்ளம் பாலத்தையே கொண்டுபோய்விட்டது. அதனால் புதியதற்கு நடுவில் தூணே வைக்கவில்லை. மணல்மூட்டை அடுக்கிச் சோதித்தார்கள், திறப்பு விழாவும் நடந்தது. தூணில்லாத பாலத்தில் ஊர்க்காரர்கள் மட்டும் ஏறவில்லை. வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சுற்றுவழியிலேயே போனார்கள்.

அண்ணாச்சி லேப்டாப்போடு டீக்கடைக்குப் போனார். "பாத்தியளா, கான்கிரீட்டுக்கு உள்ள கம்பிய இழுத்துக் கட்டியிருக்கு. தூணே வேண்டாம்."

"அது சரி. உம்ம வீட்டுல நீரே அடிச்ச பரண் இடிஞ்சு விழுந்துச்சே, அதுலயும் கம்பி உண்டா?" என்றார் டீக்கடைக்காரர்.

"அது படம் வரையாம அடிச்சதுவே!"

கடையே சிரித்தது. கான்ட்ராக்டர் சமாதானத்துக்கு வந்தார். "சும்மா பேருக்கு ஒரு தூணு நிறுத்திருவோம் அண்ணாச்சி. ஜனங்களுக்கு ஒரு தைரியம்."

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்! "தாங்காத தூணு எதுக்குவே? மறுபடி குப்பை பிடிக்கதுக்கா? தைரியம்தான வேணும்? நான் போய் இருக்கேன்."

மறுநாள் காலையில், வற்றிக் கிடந்த ஆற்றில், சரியாகத் தூண் நின்றிருக்க வேண்டிய இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆபீசுக்கு வரச் சொல்லி முதலாளி போன் செய்தார். "ஆளு நடமாடட்டும் சார், பொறவு வாறேன்" என்றார் அண்ணாச்சி. வேடிக்கை பார்க்கக் கரையெல்லாம் கூட்டம். பாலத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை.

மத்தியானம் அவர் மனைவி ஸ்கூட்டியில் சோறு கொண்டுவந்தார். பரண் விழுந்ததில் பித்தளைப் பானையெல்லாம் நசுங்கிப்போய், அதன்பிறகு வீட்டில் இவரை ஒரு ஆணிகூட அடிக்க விடாதவர். பாலத்து முனையில் வண்டியை நிறுத்தினார். கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, உறப்பாத்தான் சொல்லுதியளா, தாங்குமா?"

"என் தலைக்கு மேலதான வரப்போறே. வா ஏட்டி!"

அந்த அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகினார். ஸ்கூட்டியை ஒரே விரட்டாக அக்கரைக்கு ஓட்டிப் போய், திரும்பி நடுப்பாலத்தில் வந்து நின்று, ஹாரன் அடித்தார். "சோறு ஆறுது. மேல வாங்க."

அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரரின் பைக் ஏறியது. அதன்பின் ஒவ்வொன்றாக எல்லாம். அண்ணாச்சி மட்டும் வரவில்லை. "நில்லு ஏட்டி, எல்லாவனும் போவட்டும்" என்று கீழேயிருந்து குரல் கேட்டது. சோறு ஆறியேவிட்டது.

இப்போது அதில் பஸ் போகிறது. அண்ணாச்சி துபாயில் ஏதோ பெரிய பாலத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். நடுப்பாலம் வந்ததும் நான் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்ப்பேன். உள்ளே எத்தனை கம்பி இருந்தால் என்ன, எனக்கு அந்த மனுஷன் கீழே உட்கார்ந்திருந்தால்தான் நிம்மதி.