கத்தரி பாயின் பொய்ச் சாலை

சிங்கப்பூரில் வழி கேட்கவே கூடாத ஒரே மனிதர் கத்தரி பாய்தான். கேட்டால் தயங்காமல், வலது இடது பிசகாமல் சொல்வார். ஆனால் அது எண்பதுகளில் இருந்த வழியாக இருக்கும். சிராங்கூன் சாலையில் அவரிடம் வழி கேட்ட ஒரு சுற்றுலாத் தம்பதி, அரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றார்கள். அவர் முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார். நான்தான் குறுக்கே புகுந்து அவர்களைக் காப்பாற்றினேன்.

அவர் நிஜப் பெயர் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கும் தெரியாது. டாக்சி ஓட்டியவர். ஊர்த் தெருக்களெல்லாம் அச்சிட்ட தடிமனான வரைபடப் புத்தகத்தைப் புதுசு வந்ததும் வாங்குவார், பழசைத் தூக்கிப் போட மாட்டார். கைப்பேசியே வழி சொல்லும் காலம் வந்து, அவரும் ஓய்வு பெற்றபோது, வீட்டு அலமாரியில் துணி வைக்க இடமில்லை. புத்தகங்கள் இருக்கணும், இல்லையென்றால் நான் இருக்கணும் என்று மனைவி சொல்லிவிட்டார். பாய் ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

வரைபடத்தில் உறை, புத்தகக் குறி, வாழ்த்து அட்டை, நோட்டு அட்டை என்று என்னென்னவோ செய்தார். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு அவர் செய்து கொடுத்து நான் கொண்டுபோன மொய் உறையை மணப்பெண் பிரிக்கும்போதுதான் கவனித்தோம், அதன் முகப்பில் பிடாடாரி இடுகாடு இருந்தது. சித்தி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பாயிடம் கேட்டால், இப்போது அங்கே புது வீடுகள் கட்டிக் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள், அதைவிட ராசியான இடம் ஏது என்றார்.

சனிக்கிழமை காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில், நாட்குறிப்பை அலங்கரித்து எழுதும் ஜர்னலிங் வகுப்பு நடத்துவார். காய்ந்த பூவும் வண்ண டேப்பும் ஒட்டி, மனசு லேசாகும்படி நாலு வரி எழுதலாமென்று பெண்கள் வருவார்கள். கனத்த மனதோடு திரும்பிப் போவார்கள். ஒரு பெண் ரோஜாப்பூ டேப்பை ஒட்டியதும், "எக்ஸ்பிரஸ்வேயை மறைச்சுட்டீங்களே, வண்டியெல்லாம் எங்க போகும்?" என்று பிய்த்து எடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரே பக்கத்தில் இரண்டு வருடத்து வரைபடங்களைச் சேர்த்து ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது பொய் ரோடு. அந்தப் பாவத்தைச் செய்த ஓர் ஆசிரியையை அவர் வகுப்பைவிட்டே அனுப்பிவிட்டார்.

இந்த மனிதரிடம்தான் நான் என் அப்பாவை அழைத்துப் போனேன். அப்பாவுக்கு மறதி நோய். என் வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போவணும்" என்பார். அவர் சொல்லும் வீடு பொங்கோலில் ஒரு லோரோங்கில் இருந்தது. இப்போது அந்தச் சந்தும் இல்லை, வீடும் இல்லை. விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். கைக்கு வேலை கொடுத்தால் மறப்பாரோ என்று நினைத்தேன்.

பாய் தன்னிடமிருந்த மிகப் பழைய பொங்கோல் பக்கத்தை அட்டையாகப் போட்டு அவருக்கு ஒரு நோட்டு செய்து தந்தார். அப்பா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு வாரம் வீட்டில் சத்தமே இல்லை. அடுத்த வாரம் அப்பாவே இல்லை.

நாங்கள் இருக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து பொங்கோலுக்கு ஒரே ரயில். நோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். சாயங்காலம், அப்பா சட்டைப் பையில் நான் எழுதி வைத்திருந்த எண்ணைப் பார்த்து ஒரு பெண் போன் செய்தாள். முன்பின் தெரியாத ஏதோ புளோக்கின் கீழே அப்பா நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் அட்டையைக் காட்டித் தன் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் போனபோது வேட்டி நனைந்திருந்தது. என்னையும் அடையாளம் தெரியவில்லை. அட்டையைக் காட்டி என்னிடமும் வழி கேட்டார்.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் முதியோர் இல்லம்தான் என்று அண்ணன் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வேலைக்கும் போய்க்கொண்டு எத்தனை நாள் கதவைக் காவல் காப்பது? நான் பாதி நிரப்பியும் விட்டேன். நிரப்பிவிட்டு, அந்த ஆத்திரத்தையெல்லாம் கீழே போய்ப் பாய் தலையில் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மேப் சரியாத்தான் இருந்துச்சு தங்கச்சி. ஊருதான் இல்ல" என்றார். அடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் பையோடு வீட்டுக்கு வந்து நின்றார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, பஸ்ஸ விட்டு இறங்கினா உங்க வீட்டுக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டார். என் பெயரை மறந்த அப்பா கடகடவென்று சொன்னார். சீனர் கடை, தண்ணிக் குழாய், சோத்தாங்கைப் பக்கம் திரும்பி மூணாவது வீடு. பாய் நோட்டின் அட்டையைப் பிரித்தெடுத்து, தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தோடு கத்தரித்தார். பையிலிருந்து இன்னொரு பக்கத்தை எடுத்தார். அவர் கடைசியாக வாங்கிய புத்தகத்தின் பக்கம், எங்கள் புளோக் இருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்து, "அளவே ஒத்து வரல லா" என்று முனகினார். ஆனாலும் ஒட்டினார். லோரோங் நேராக வந்து எங்கள் மின்தூக்கி வாசலில் முடிந்தது.

"இப்பப் போய்ப் பாருங்கண்ணே."

அப்பாவின் விரல் சீனர் கடையைத் தாண்டியது, திரும்பியது, எங்கள் புளோக்கில் வந்து நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வந்துட்டோமா?"

"வந்துட்டோம்" என்றார் பாய்.

அப்பா செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

எதுவும் குணமாகிவிடவில்லை. அவருக்கு என் பெயர் திரும்பி வரவில்லை, இனி வராது. படிவம் இழுப்பறையில்தான் கிடக்கிறது, என்றைக்காவது மீதியை நிரப்ப வேண்டியிருக்கும். ஆனால் அப்பா இதுவரை வெளியே போகவில்லை. தினமும் அட்டையில் விரல் வைத்து நடந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார். நடந்து நடந்து ஒட்டு விட்டுப்போகிறது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பாய் மேலே வந்து மறுபடி ஒட்டித் தருகிறார். ஒட்டும்போது முகத்தைச் சுளித்துக்கொள்கிறார்.

போன சனிக்கிழமை அவர் வர அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. அப்பா ஒட்டு விட்ட அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தார். நான்தான் நாலு தடவை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.